கோல் போஸ்ட்டுக்கு நடுவில் ஒரு அனாதை

முன்குறிப்பு: ஃபுட்பால் பிடிக்காதவர்களும் படிக்கலாம். வேலை தேடும் பி.காம். மக்களுக்கு கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது. பொறுமை முக்கியம் :)

போன வாரம் டீக்கடையில் ஒரு சண்டை. ஆரம்பித்தது நானில்லை. நம்ம வகுப்பு ஐரோப்பிய ஃபுட்பால் நிபுணர் ஒருத்தர் (ராத்திரி ஒரு மணி மேட்ச் பார்த்துவிட்டு காலையில் காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் தூங்குவாரே, அவரேதான்) டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தத்துவம் சொன்னார்.

"இந்தியாவுல நூத்திநாப்பது கோடிப் பேரு இருக்கோம். ஒரு டொன்னரும்மா கிடைக்கலையே மாப்ள. நம்மாளுங்களுக்கு அந்த உடம்பு இல்லடா."

அங்கேயே பதில் சொன்னேன். ஆனால் பஸ் வந்துவிட்டதால் பாதியில் நின்றுபோச்சு. மீதி இங்கே.

என் கட்சி இதுதான். நமக்கு இளம் கோல்கீப்பர் கிடைக்கவில்லை என்பது சுத்தப் பொய். கிடைத்தான். கைதட்டினோம். அப்புறம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "பையன் வளரவே இல்லையே" என்று வருத்தப்பட்டோம்.

முதலில் இத்தாலிக்காரன் கதை. 2015 அக்டோபர் 25. ஏசி மிலானுக்கும் சசுவோலோவுக்கும் மேட்ச். மிலான் கோச் மிஹாய்லோவிச், ரியல் மாட்ரிட்டில் ஆடிவிட்டு வந்த டியாகோ லோபஸை உட்காரவைத்துவிட்டு, பதினாறு வயசுப் பையன் ஜியான்லூய்ஜி டொன்னரும்மாவை இறக்கினார். நம் ஊர்க் கணக்கில் ப்ளஸ் ஒன் பையன். அன்றைக்கு பெரார்டி அடித்த ஃப்ரீகிக் ஒன்று உள்ளே போனது. மிலான் 2-1 என்று தப்பித்தது. கோச் என்ன செய்தார்? அடுத்த மேட்ச்சிலும் அதே பையன்தான். அந்த சீசனில் மட்டும் 30 லீக் ஆட்டம். மூன்று சீசன் முடிவதற்குள் நூறைத் தாண்டிவிட்டான்.

தப்பே செய்யாத பிள்ளையா அவன்? 2018 மே மாதம் கோப்பா இத்தாலியா ஃபைனல். யுவென்டஸிடம் மிலான் 0-4. கையில் வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டான். அதற்கு முந்தின வருஷம் சம்பள விவகாரத்தில் சொந்த நாட்டு ரசிகர்களே டாலரும்மா என்று பேர் வைத்து, போலி டாலர் நோட்டுகளை மைதானத்தில் வீசினார்கள். அத்தனைக்கும் பிறகு மிலான் கோல் போஸ்ட்டில் நின்றது அவன்தான். 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் யூரோ ஃபைனல். பெனால்டி ஷூட்அவுட்டில் சாஞ்சோ, சாகா இரண்டு பேர் பந்தையும் தடுத்து, தொடரின் சிறந்த வீரர் விருதோடு வீட்டுக்குப் போனான். மிலானை விட்டுக் கிளம்பும்போது அவன் கணக்கில் 251 ஆட்டம். வயசு 22.

இருநூற்றைம்பத்தொன்று! அந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்ம பையன் கதை.

தீரஜ் சிங் மொய்ராங்தெம். மணிப்பூரில் மொய்ராங்கைச் சேர்ந்தவன். 2000-ல் பிறந்தவன். 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தபோது டெல்லி நேரு ஸ்டேடியத்தில் இந்தியாவின் கோல் போஸ்ட்டைக் காத்தவன். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்று மேட்ச்சில் ஒன்பது கோல் வாங்கின கீப்பரை ஊரே பாராட்டியது. ஏன்? மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் இல்லையென்றால் அந்த ஒன்பது எங்கே போய் நின்றிருக்குமோ!

அப்புறம்? கால்பந்து சம்மேளனத்தின் இளைஞர் அணியான இந்தியன் ஏரோஸில் கொஞ்ச நாள். 2018 ஆரம்பத்தில் ஸ்காட்லாந்தின் மதர்வெல் கிளப்பில் பயிற்சிக்குப் போனான். ஒப்பந்தம் ஆகவில்லை. உடனே நம்மாட்கள் "பேராசை, அவசரம்" என்று ஆரம்பித்தார்கள். பதினேழு வயசில் ஐரோப்பாவுக்குப் போக ஆசைப்படுவது பேராசையாம். கேம்பஸ் இன்டர்வியூவில் பெங்களூர் வேலை கேட்காதவன் எவனாவது நம் வகுப்பில் இருந்தால் அவன் மட்டும் கல்லெறியலாம்.

திரும்பி வந்து 2018-ல் கேரளா பிளாஸ்டர்ஸ். சில மேட்ச் இவன், சில மேட்ச் நவீன் குமார். 2019-ல் கொல்கத்தாவின் ஏடிகே. அங்கே முதல் கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா. அணி 2020-ல் சாம்பியன். நம்ம பையன் பெரும்பாலும் பெஞ்ச். 2021 ஜனவரியில் எஃப்சி கோவா. அந்த மார்ச்சில் மும்பைக்கு எதிரான அரையிறுதி பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போகும் என்று தெரிந்ததும், கடைசி நிமிஷத்தில் தீரஜை வெளியே எடுத்துவிட்டு வேறு கீப்பரை அனுப்பினார்கள். கோவா தோற்றது.

ஒரே மாதம் கழித்து நடந்ததைக் கேளுங்கள். 2021 ஏப்ரல், ஆசிய சாம்பியன்ஸ் லீக். எதிரே கத்தாரின் அல் ரய்யான். அவர்கள் கோச் யார் தெரியுமா? 1998-ல் உலகக் கோப்பை ஜெயித்த பிரான்ஸ் அணியில் இருந்த லாரன்ட் பிளாங்க். கோவா 0-0. அடுத்து அல் வாஹ்தா, அதுவும் 0-0. ஈரானின் பெர்செபோலிஸுடன் தோற்ற மேட்ச்சில்கூட ஒரு பெனால்டியைத் தடுத்தான். பெனால்டிக்கு லாயக்கில்லை என்று வெளியே எடுத்தீர்களே, அதே பையன்!

நான் கேட்பது இதுதான். ஏப்ரலில் திடீரென்று திறமை வானத்திலிருந்தா விழுந்தது? இல்லை. ஏப்ரலில் தொடர்ந்து ஆடவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"திறமை இருந்தா தானா மேல வந்துருவான்" என்று ஒரு கோஷ்டி உண்டு. அவர்களுக்காகவே ஒரு உதாரணம் வைத்திருக்கிறேன்.

அதே 2017 உலகக் கோப்பை அணியில் தீரஜுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவன் பிரப்சுகன் கில். ஏரோஸில் ஆடினான், பெங்களூரு போனான், 2020-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தான். அங்கேயும் பெஞ்ச்தான். 2021 டிசம்பரில் முதல் கீப்பர் அல்பினோ கோம்ஸுக்கு அடிபட்டது. வேறு வழியில்லாமல் கில்லை இறக்கினார்கள். அந்த சீசன் முடிவில் ஐஎஸ்எல்லின் சிறந்த கீப்பருக்கான கோல்டன் குளோவ் விருது யாருக்கு? கில்லுக்கு! கேரளா ஃபைனல் வரைக்கும் போனது.

அல்பினோவுக்கு அடிபடாமல் இருந்திருந்தால்? அந்த கோல்டன் குளோவ் பெஞ்சிலேயே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். அடுத்தவன் முழங்கால் உடைந்தால்தான் நம் பையன் திறமை தெரியும் என்றால் அதற்குப் பேர் சிஸ்டமா? லாட்டரி.

இதில் கீப்பருக்கு மட்டுமே உள்ள ஒரு கஷ்டம் இருக்கிறது. ஃபுட்பால் பார்க்கும் பலரே இதை யோசிப்பதில்லை. இளம் ஃபார்வர்ட் ஒருத்தனைப் பழக்க வேண்டுமென்றால் 3-0 என்று ஜெயிக்கும்போது கடைசி இருபது நிமிஷம் இறக்கலாம். சொதப்பினாலும் ஒன்றும் குடி முழுகாது. ஓரத்தில் ஆடவைக்கலாம், நடுவில் ஆடவைக்கலாம், இடம் மாற்றலாம். கீப்பரை? ஒரு அணிக்கு ஒரு இடம்தான். முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், அல்லது ரெட் கார்டு வாங்க வேண்டும். 90 நிமிஷமும் அவன்தான், இல்லையென்றால் ஒரு நிமிஷம்கூட இல்லை.

அதனால் கோச் தானாக மனசு வைத்தால் தவிர இளம் கீப்பருக்கு மேட்ச் கிடைக்காது. நெட் பிராக்டிஸ் போதாதா என்று கிரிக்கெட் ரசிகர்கள் கேட்பீர்கள். போதாது. கார்னர் பந்து வரும்போது வெளியே வரலாமா, கோட்டிலேயே நிற்கலாமா என்பதை அரை நொடியில் முடிவு செய்யணும். முன்னால் ஆறு பேர் இடித்துத் தள்ளுவான். பின்னால் கூட்டம் கத்தும். அது மேட்ச்சில் தப்பு செய்து செய்து வருவது. நீச்சலைக் கரையில் நின்று கற்றவன் எவன்?

அப்படித் தப்பு செய்யக் கிடைத்த ஒரே இடம் இந்தியன் ஏரோஸ். முழுக்க இளைஞர்கள், அதனால் கீப்பரும் இளைஞன்தான் ஆக வேண்டும். தோற்பார்கள், பரவாயில்லை, ஐ-லீக்கில் பெரியவர்களோடு ஆடுவார்கள். 2010-ல் ஆரம்பித்தார்கள், 2013-ல் மூடினார்கள், 2017-ல் திறந்தார்கள், 2022-ல் மறுபடி மூடினார்கள். நம் தெரு முனை ஜெராக்ஸ் கடைகூட இதைவிட ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. இளையோருக்கு டெவலப்மென்ட் லீக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்லது. ஆனால் பசங்களோடு பசங்க ஆடுவது வேறு, முப்பது வயசு ஸ்ட்ரைக்கர் முழங்கையால் இடிக்கும்போது பந்தைப் பிடிப்பது வேறு.

"கிளப் என்பது பிசினஸ். காசு போட்டவன் ரிஸ்க் எடுக்க மாட்டான்" என்று அடுத்த வாதம் வரும். வாங்க, இது நம்ம சப்ஜெக்ட். லாரி வாங்கினால் முதல் வருஷத்திலிருந்தே தேய்மானம். ஃபார்வர்டும் ஏறக்குறைய அப்படித்தான், முப்பதைத் தாண்டினால் மதிப்பு இறங்கும். கீப்பர் மனைக்கட்டு மாதிரி. இத்தாலியின் டினோ ஸாஃப் 1982 உலகக் கோப்பையைத் தூக்கும்போது வயசு 40. பஃபோன் ஓய்வு பெற்றது 2023-ல், 45 வயசில். பதினெட்டு வயசுக் கீப்பர் மேல் இரண்டு சீசன் பொறுமையைப் போட்டால் இருபது வருஷம் பலன். இதை மூன்று சீசனில் மூன்று கிளப் என்று கைமாற்றி, ஒவ்வொருத்தனும் பூட்டியே வைத்திருந்தால் அது முதலீடு இல்லை சார், பதுக்கல்.

"நம்மாளுங்களுக்கு உடம்பு இல்லை" என்ற டீக்கடைத் தத்துவத்துக்கு ஒரே பேர் போதும். பீட்டர் தங்கராஜ். 1935-ல் பிறந்தவர். நம்ம நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் ராணுவ வீரர். சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்து கீப்பரானவர். ராணுவ அணி அவரை ஓயாமல் ஆடவைத்தது, 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பை ஜெயித்தது. இருபது வயசில் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ், அப்புறம் 1960-ல் ரோம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் காய்ச்சலால் இடையில் வெளியே இருந்தவரை, தென் கொரியாவுக்கு எதிரான ஃபைனலில் கோச் ரஹீம் நம்பி இறக்கினார். 2-1, தங்கப் பதக்கம். அவரை ஒரு கோச் நம்பினார், ஒரு அணி ஆடவிட்டது. ஆக, உடம்பு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன அந்த விஷயம்.

என் நண்பன் ஒருத்தன் கீப்பர். ஊர், பேர், கல்லூரி எதுவும் வேண்டாம். புல் கிடையாத செம்மண் மைதானத்தில் பாய்ந்து பாய்ந்து இரண்டு முழங்கையும் எப்போதும் தோலுரிந்தே இருக்கும். முதல் வருஷம் ஒரு கல்லூரிப் போட்டியில் கால் இடுக்கில் ஒரு கோல் விட்டான். ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அணியோடு போவான், பை தூக்குவான், திரும்பி வருவான். மூன்றாம் வருஷம் தேர்வுக்குப் போனபோது சொன்னார்களாம்: "மேட்ச் எக்ஸ்பீரியன்ஸ் கம்மியா இருக்கேப்பா."

இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்ட்ரி போடுகிறான். அந்த வேலைக்குப் போன இன்டர்வியூவிலும் முதல் கேள்வி அதுதானாம். "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நம்மையும் நாளைக்கு இதையேதான் கேட்கப்போகிறார்கள். வாய்ப்பைக் கொடுக்காதவனே அனுபவம் எங்கே என்று கேட்கிற ஊர் இது. தீரஜ் 2024-ல் மோகன் பகானுக்குப் போனான். அங்கே முதல் கீப்பர் விஷால் கைத். மறுபடி பெஞ்ச்! அந்த வருஷம் அவனுக்கு 24 வயசு. கீப்பருக்கு அது சின்ன வயசுதான். ஆனால் இன்னொருத்தன் 22-லேயே 251 முடித்துவிட்டான்.

அதனால் நிபுணர் அவர்களே, அடுத்த முறை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "ஏன் கிடைக்கல" என்று கேட்காதீர்கள். "ஏன் ஆடவிடல" என்று கேளுங்கள். டீ காசு நான் தருகிறேன்.