கருவிப் பெட்டியும் ஓர் அமானிதமே



நமது தந்தையார் பெரிய காஞ்சிபுரத்தில் தச்சு வேலை செய்தவர்கள். கதவு, சன்னல் வேலைகளும் உண்டு. ஆயினும் பெரும்பகுதி தறி சார்ந்த மரவேலைதான். மிதிகட்டை தேய்ந்தாலும், படமரம் பிளந்தாலும் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டின் முன்கூடமே பட்டறை.

அவர்கள் மவுத்தான பின், பாகப்பிரிவினைக்காகக் கருவிகளை எடுத்து எண்ணத் தொடங்கினோம். கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகே வாரிசுகளுக்குப் பாகம் என்பது மதரஸாவில் நாம் பலமுறை நடத்திய பாடம். அன்று அந்தப் பாடம் நம் கைக்கே வந்தது. ஓர் இழைப்புளியின் பிடியில் வேறொருவரின் பெயரெழுத்து செதுக்கப்பட்டிருந்தது. ஒரு மூலைமட்டமும் இரண்டு உளிகளும் நம்முடையவை அல்ல என்று தாயார் சொன்னார்கள். நான்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒலிமுகமதுபேட்டையிலும் பிள்ளையார்பாளையத்திலும் வீடு வீடாகக் கேட்டு நடந்தோம். மூன்றுக்கு உரியவர்கள் கிடைத்தார்கள். இழைப்புளியைப் பெற்றுக்கொண்ட பெரியவர், “உங்க அத்தா வாங்கிட்டுப் போனது எனக்கே மறந்துபோச்சு, தம்பி” என்று சிரித்தார். ஓர் உளிக்கு உரியவர் இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் கிரயத்தை அவர் பெயரில் ஸதகா செய்தோம். அவர் வந்து கேட்டால் உளியையே கொடுக்கவும் வைத்திருக்கிறோம்.

நமது தந்தையார் பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர். அவசரத்தில் இரவல் வாங்கிய கருவி, குவியலில் விழுந்து, குவியலோடு மறைந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒழுங்கின்மை ஒரு நல்ல மனிதரின் கணக்கில் நான்கு கடன்களை எழுதி வைத்துவிட்டது. வீட்டுப் பட்டறையை ஒழுங்குபடுத்துவது வெறும் அழகுணர்ச்சி அல்ல, அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதி என்று நாம் கருதுவது இதனால்தான்.

கைத்தொழிலின் கண்ணியம்

தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பாலேயே உண்டார்கள் என்றும் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. ஸகரிய்யா (அலை) தச்சராக இருந்தார்கள் என்பதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம், தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைச் சொல்லும் இடத்திலேயே, கவசத்தின் வளையங்களை அளவோடு இணைக்கும்படி கட்டளையிடப்பட்டதையும் சொல்கிறது. திறமையை அருளிய இறைவன், அதோடு அளவையும் ஒழுங்கையும் கேட்கிறான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

“எது எங்கே என்று எனக்குத் தெரியும்”

ஒழுங்கைப் பற்றிப் பேசினால் நம் சகோதரர்கள் இரண்டு பதில்கள் சொல்வதுண்டு. முதலாவது, “வீடே சிறியது, இடம் எங்கே?” என்பது.

நம் ஊர் நெசவாளர் வீட்டுக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். குழித்தறி கூடத்தின் பாதியை எடுத்துக்கொள்ளும். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து இறங்கும் கயிறுகள். அதே கூரையின் கீழ்தான் சமையலும் பிள்ளைகளின் படிப்பும். ஆனால் குழியில் கால்வைத்து அமர்ந்தவர் எழாமலேயே நாடாவை எடுக்கிறார். ஊடைக்கான தார், கத்தரி, அறுந்த இழையை முடிய வேண்டிய நூல் என எல்லாம் கைநீளத்துக்குள் இருக்கின்றன. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணமான கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் வேலை நின்றுவிடும். 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரப் பட்டு, இப்படிப்பட்ட குறுகிய கூடங்களில்தான் பிறந்தது. எனவே இடம் போதாமைதான் ஒழுங்கை இன்னும் அவசியமாக்குகிறது.

இரண்டாவது பதில், “குவியலாக இருந்தாலும் எது எங்கே என்று எனக்குத் தெரியும்” என்பது. உங்களுக்குத் தெரியும், உங்கள் மனைவிக்குத் தெரியுமா? தொழில் கற்க வேண்டிய மகனுக்குத் தெரியுமா? நீங்கள் கப்ருக்குச் சென்ற பிறகு யாருக்குத் தெரியும்? வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நினைவை மட்டும் நம்பி இருப்பவரின் பட்டறை, எழுதப்படாத வஸிய்யத்தைப் போன்றது.

பிறருக்கு நோவினை தராமை

நமது மதரஸாவுக்கு ஒரு சிறுவன் சென்ற ஆண்டு காலில் கட்டுடன் நொண்டி வந்தான். வீட்டுக் கூடத்தில் கிடந்த உளியை மிதித்திருக்கிறான், ஐந்து தையல். தந்தை அவனைக் கடிந்துகொண்டாராம், “பார்த்து நடக்கக் கூடாதா?” என்று. நாம் அந்தத் தந்தையிடம் ஒரு ஹதீஸை மட்டும் நினைவூட்டினோம். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கூர்மையான பொருளுக்கான பொறுப்பு அதை வைத்திருப்பவருக்கு உரியது. அவ்வழியே நடந்து செல்பவருக்கு உரியது அல்ல. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதே ஈமானின் கிளை என்றால், நம் வீட்டுக் கூடம் நம் பிள்ளைகளின் பாதை அல்லவா?

கொடுக்க முடியாதவர் ஆகிவிடாமல்

அல்மாவூன் அத்தியாயம், அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அதற்குக் கோடரி, பானை, வாளி போன்ற புழங்கு பொருள்களை விளக்கமாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டார் திருப்புளி கேட்டு வரும்போது, “எங்கோ இருக்கிறது, தேட வேண்டும்” என்று அனுப்பிவிடுகிறோம். அது பொய்யும் அல்ல. ஆனால் விளைவு ஒன்றுதான்: கஞ்சத்தனம் இல்லாமலேயே நாம் மறுத்தவர்களாகிறோம்.

நாம் கடைப்பிடிக்கும் முறை

தந்தையாரின் கூடத்தை நாம் இப்போது இவ்வாறு வைத்திருக்கிறோம். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதலில், கருவிகளை மூன்றாகப் பிரித்தோம்: தினமும் தேவைப்படுபவை, எப்போதாவது தேவைப்படுபவை, உடைந்தவை. முதல் வகை கைநீளத்தில். இரண்டாவது வகை மேசைக்குக் கீழே பெட்டியில். மூன்றாவது வகை பழுதுபார்க்கவோ பழைய இரும்புக்கடைக்கோ.

சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மீது வைத்து உருவைக் கோடாக வரைந்தோம். குறடு திரும்பி வரவில்லையென்றால் குறடு வடிவிலான வெற்றிடமே இரவில் கேள்வி கேட்கும். உளியும் ரம்பமும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், முனை கீழ்நோக்கி, காப்புப் பட்டையோடு.

ஆணி, திருகாணிகளை அளவுவாரியாக உள்ளே தெரியும் டப்பாக்களில் இட்டோம். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குடிநீர்ப் பாட்டில்களில் ஊற்றி வைப்பதை முற்றிலும் நிறுத்தினோம். இதில் அலட்சியம் உயிரையே பறிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். மழைக்கு முன் எல்லாவற்றையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுகிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சிவப்பு நிறம் அடித்த ஒரு பெட்டி. பிறரிடமிருந்து வாங்கிய கருவியும், பழுதுபார்க்க வந்த பொருளும் அதற்குள் மட்டுமே இருக்கும். அருகில் ஒரு நோட்டு: யாருடையது, எந்தத் தேதி, எப்போது திருப்ப வேண்டும். தவணைக் கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனத்தின் படிப்பினையை இரவல் உளிக்கும் நீட்டித்தால் குறைந்துபோக மாட்டோம்.

இஷா தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் மேசையைத் துடைக்கிறோம்; மறுநாள் வேலையைத் தவிர அதன்மேல் எதுவும் இருக்காது. இரவில் பாத்திரங்களை மூடவும் விளக்குகளை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கூடம் அந்நேரத்தில் குடும்பத்தாருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்; அவர்களுக்கும் அதில் ஹக் உண்டு.

சகோதரர்களே, இன்றிரவே உங்கள் கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத ஒன்று அதில் இருந்தால், நாளை ஃபஜ்ருக்குப் பின் உரியவரின் கதவைத் தட்டுங்கள். அந்த நடையை உங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லாதீர்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்தவர்களாக நம்மை அல்லாஹ் மவுத்தாக்குவானாக. ஆமீன்.