தீப்பெட்டி வாங்க பைக் எடுக்கணுமா?

எங்க ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல எட்டு வருசத்துல மூணு "நகர்" முளைச்சிருச்சு. கடலையும் மல்லிகையும் விளைஞ்ச செவக்காடு. இப்போ வாசல்ல பெரிய ஆர்ச், உள்ளே 30 அடி ரோடு, வரிசையா மஞ்சக் கல்லு. ஞாயித்துக்கிழமை வேன்ல ஆள் கூட்டியாந்து, சாப்பாடு போட்டு மனை காட்டுறாங்க. வேன்ல வர்றது பெரும்பாலும் இதைப் படிக்கிற உங்கள மாதிரி டவுன் ஆட்கள்தான். அதனால உங்ககிட்டயே பேசிடுறேன்.

மூணு நகரையும் சேர்த்து ஆள் குடியிருக்கிற வீடு பதினொண்ணு. அதுல ஒண்ணு எங்க அக்கா மகன் கட்டினது. நல்ல வீடு, குறை சொல்ல முடியாது. அக்காவுக்கு 64 வயசு, வண்டி ஓட்டத் தெரியாது. பால் தீர்ந்துபோனா மகன் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஊருக்குள்ள இருந்தப்போ இதே அக்கா காலையில ரேஷன் கடை, மாவு மில்லு, தையக்கார வீடு எல்லாம் சுத்திட்டு, நாலு வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசிட்டு, பத்து மணிக்குள்ள வீடு திரும்பிடும்.

எங்க நத்தத்துல ஒரு ஏக்கர்ல முப்பது வீடாவது இருக்கும். சுவத்தோட சுவரு ஒட்டி நிக்கும். முன்னறையில கடை, பின்னாடி குடித்தனம். ஆசாரி பட்டறையும் அங்கதான், டீக்கடையும் அங்கதான். வீடெல்லாம் நெருக்கி நின்னதாலதான் சுத்தி இருந்த காடு காடா இருந்துச்சு. இதை யாரும் பிளான் போட்டுச் செய்யலை. விளையுற மண்ணுல வீடு கட்டக்கூடாதுங்கிற கணக்குதான்.

என் தம்பி மகன் கட்டடக் கலை படிக்கிறான். அவங்க பாடத்துல இதுக்குப் பெரிய பேரெல்லாம் இருக்காம். அமெரிக்காவுல ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அம்மா 1961லயே, குடியிருப்பையும் கடையையும் பிரிச்சு வைக்காதீங்க, தெருவுல ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் அது பாதுகாப்பான தெருன்னு எழுதினாங்களாம். பாரிஸ்ல மேயரா இருந்த ஆன் ஹிடால்கோ 2020 தேர்தல்ல, 15 நிமிச நடையில எல்லாம் கிடைக்கணும்னு சொல்லியே ஓட்டுக் கேட்டாங்களாம். எங்க அக்கா இதைக் கேட்டா சிரிக்கும்.

மதுரைக்குப் பூ கொண்டுபோற ஆளு நான். மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு ஒண்ணுக்கு வெளியே ஒண்ணா இருக்கறது உங்களுக்கே தெரியும். கீழே பாத்திரக் கடை, மாடியில குடித்தனம். வெளி வீதி இருக்கிற இடத்துல கோட்டைச் சுவர் இருந்துச்சு. அதை 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் இடிச்சு ஊரை வெளியே விரிய விட்டாரு. அப்புறம் 1914ல இந்தியா வந்த பேட்ரிக் கெடிஸ்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் மெட்ராஸ் மாகாணத்து ஊர்களைச் சுத்திப் பார்த்தாரு. பழைய தெருவை அகலப்படுத்துறேன்னு வீடுகளை இடிக்காதீங்க, தேவையான இடத்துல மட்டும் கொஞ்சம் வெட்டிச் சரி பண்ணுங்கன்னாரு. வெள்ளைக்காரங்கள்ல அப்படி ஒருத்தரும் இருந்திருக்காரு. அதுக்காக எல்லாத்தையும் நடுவுலயே வச்சிருக்க முடியாது. காய்கறி மார்க்கெட்டை ஆவணி மூல வீதியில இருந்து மாட்டுத்தாவணிக்கு மாத்தினது சரிதான், லாரி நுழையுற தெரு இல்ல அது.

நகர்ல கடை வைக்கக்கூடாதுன்னு யாரும் தடுக்கலை. ஆனா மனை வாங்கினவங்க குடியேற வாங்கலை, விலை ஏறட்டும்னு வாங்கியிருக்காங்க. ஆள் இல்லைன்னா கடை ஓடாது. கடை இல்லாத இடத்துக்கு ஆள் வராது. பதினொரு வீட்டுக்காக பஸ்ஸும் உள்ளே திரும்பாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. ரோட்டுக்கு மூணுல ஒரு பங்கு, பெரிய லேஅவுட்டா இருந்தா பொது இடத்துக்கு 10 சதவீதம். மிச்சத்துல 2,400 சதுர அடி மனை பத்துதான் தேறும். எங்க தெரு முப்பது குடும்பத்தைத் தாங்குற ஒரு ஏக்கரு, இங்க பத்துக் கல்லைத் தாங்கிட்டு கருவேலம் வளர்க்குது.

பழைய ஊரு சொர்க்கம்னு சொல்ல வரலை. அந்த நெருக்கத்துக்குள்ள எல்லாருக்கும் இடம் கொடுத்தாங்களா? காலனி ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கேயிருந்து ரேஷன் கடைக்கு நடக்கிற தூரம் ரெண்டு மடங்கு. நான் சின்னப் பையனா இருந்தப்போ அவங்க எங்க தெருவுல செருப்பைக் கையில எடுத்துட்டுத்தான் போவாங்க. நகர்ல காசு இருக்கிறவன் யாரும் மனை வாங்கலாம், பக்கத்து வீட்டுக்காரன் என்ன சாதின்னு கேட்க முடியாது. அந்த ஒரு விசயத்துல நகரு எங்க நத்தத்தை விட மேல். கிட்டக்கிட்ட வீடு கட்டுங்கன்னு சொல்ற படிச்சவங்க, யாரு பக்கத்துல யாருங்கிறதையும் சேர்த்துப் பேசணும்.

ஊருக்குள்ளயே பூட்டிக் கிடக்கிற வீடு இருபதுக்கு மேல இருக்கு. முதல்ல அதுல ஆள் ஏறட்டும். மாடி எடுக்கட்டும். அப்புறமும் இடம் வேணும்னா நத்தத்து ஓரத்துலயும் ஓடைக் கரையிலயும் காலனியைத் தொட்டுக் கட்டுங்க. அப்போ நடுவுல இருக்கிற அந்தத் தரிசும் தெருவாயிரும்.

மூணாவது நகரு வந்தப்போ என் காட்டுக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் மேலேயே காம்பவுண்டு ஏத்திட்டாங்க. மனு கொடுத்துட்டு வருசக்கணக்கா அலையுறேன். இப்போ என்னோட 1 ஏக்கர் 20 சென்டையும் கேட்டு புரோக்கர் வந்துட்டுப் போறாரு. மகன் கொடுத்துரலாம்ப்பாங்கிறான். தண்ணி இல்லாத காட்டை வச்சு என்ன பண்ணப் போறேன்னு அவன் கேக்குறதுக்கு, வாய்க்கால் திறக்காம என்கிட்ட பதில் இல்ல.

மனை பாக்க வந்தா ஒரு வேலை செய்யுங்க. வேன் சாப்பாடு முடிஞ்சதும் மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, ஆர்ச்சுக்கிட்ட இருந்து நடந்தே போய் ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வாங்க. போற வழியில வலது பக்கம் பூத்திருக்கிறது என் மல்லிகைதான்.