சங்கத்தை உடைத்தது யார்?

தொழிற்சங்கக் கூட்டத்தில் சாதியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "தோழர், இப்போது இதை எடுத்தால் ஒற்றுமை குலைந்துவிடும்" என்ற பதில் உடனே வரும். முதலில் கூலி உயர்வு, போனஸ், பணி நிரந்தரம். சாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். இந்த வாதம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க, அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே இருந்தது நிறவெறி. அதுவும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் பிறப்பைப் பார்த்து வேலையைப் பிரிக்கும் முறையும், அதை எதிர்த்தவர்களுக்குச் சங்கம் சொன்ன பதிலும் நமக்கு நன்கு பழக்கமானவை.

மற்ற கார் கம்பெனிகள் தயங்கிய காலத்திலேயே ஃபோர்டு கறுப்பினத்தவரைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. ஆனால் ரிவர் ரூஜ் ஆலையில் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஃபவுண்டரி வேலை. உருகிய இரும்பின் வெப்பமும் புகையும் அவர்களுக்கு. டூல் ரூமும் டை செய்யும் வேலையும் பெரும்பாலும் வெள்ளையருக்கு. வேலையில் சேரக் கறுப்பினத் தேவாலயப் போதகர்களின் பரிந்துரை உதவியது. அந்த நன்றிக்கடனை நிர்வாகம் சங்கத்துக்கு எதிராகப் பயன்படுத்திக்கொண்டது.

1941 ஏப்ரலில் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் (யு.ஏ.டபிள்யூ.) ரிவர் ரூஜில் வேலைநிறுத்தம் செய்தபோது, கறுப்பினத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் ஆலைக்குள்ளேயே இருந்தனர். "கருங்காலிகள்" என்று திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சங்கம் கறுப்பினத் தலைவர்களிடம் பேசியது, சமத்துவத்துக்கு வாக்குறுதி தந்தது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர் வால்டர் ஒயிட், ஒலிபெருக்கி வண்டியில் ஆலையைச் சுற்றி வந்து அவர்களை வெளியே வரச் சொன்னார். சங்கங்களை ஒருபோதும் ஏற்கமாட்டேன் என்றிருந்த ஹென்றி ஃபோர்டு சில வாரங்களில் ஒப்பந்தத்துக்கு இணங்கினார். சமத்துவத்தைப் பேசியதால் ஒற்றுமை கெடவில்லை, பேசியதால்தான் உருவானது.

இரண்டே ஆண்டுகளில் அந்த ஒற்றுமை உடைந்தது. 1943 ஜூனில் போர் விமான எஞ்சின்கள் தயாரித்த பேக்கார்டு ஆலையில் 3 கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அசெம்பிளி லைனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதை எதிர்த்து ஏறக்குறைய 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். சங்கத்தின் தலைமை இந்த வேலைநிறுத்தத்தைக் கண்டித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே மாதம் நகரில் வெடித்த கலவரத்தில் 34 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர்.

அமெரிக்காவின் முற்போக்கான சங்கங்களில் ஒன்று யு.ஏ.டபிள்யூ. அதன் தலைவர் வால்டர் ராய்தர் 1963 வாஷிங்டன் பேரணியில் உரையாற்றினார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவர் இடம்பெற்றார். மேடையில் சமத்துவம் பேசிய சங்கம், டூல் ரூம் கதவைத் திறக்க அவசரப்படவில்லை.

1968 மே மாதம், கிறைஸ்லரின் டாட்ஜ் மெயின் ஆலையில் லைனின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கத்தின் அனுமதியின்றி வெளியேறினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே போராடினார்கள். தண்டனை மட்டும் கறுப்பர்கள் மீதே அதிகம் விழுந்தது. வேலையிழந்தவர்களில் ஒருவரான ஜெனரல் பேக்கரும் தோழர்களும் 'டிரம்' எனப்படும் டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவருக்குத் திறன்சார் வேலைகள் வேண்டும், சங்கப் பொறுப்புகளில் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பிளவுபடுத்துபவர்கள் என்று சங்கத் தலைமை அவர்களைத்தான் குற்றம்சாட்டியது. சங்கத் தேர்தலில் டிரம் வேட்பாளர் முன்னிலை பெற்றபோது, மறுசுற்றில் ஓய்வுபெற்ற வெள்ளைத் தொழிலாளர்களின் வாக்குகள் அவரைத் தோற்கடித்தன.

டிரம்முக்கும் குறைகள் இருந்தன. தலைமையில் பெண்களுக்கு இடம் தரவில்லை. அதிலிருந்து வளர்ந்த கூட்டமைப்பு 1971இல் பிளவுபட்டது. ஆனால் கேள்வி எழுப்பியவர்களை ஒதுக்கிய சங்கம் எங்கே போய் நின்றது? 1973 ஆகஸ்டில் மேக் அவென்யூ ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது, அதை முறியடிக்க ஏறக்குறைய 1,000 சங்க நிர்வாகிகள் வாசலில் திரண்டார்கள். பலர் கையில் பேஸ்பால் மட்டை இருந்தது.

இதே குற்றச்சாட்டை அண்ணல் அம்பேத்கரும் சந்தித்தார். 1938இல் மன்மாட்டில் நடந்த தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், தனியாகக் கூடுவது தொழிலாளர்களைப் பிரிப்பதாகும் என்ற விமர்சனத்துக்கு அவர் பதில் சொன்னார். பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளியின் எதிரிகள் என்று அவர் அறிவித்தது அங்கேதான். ஆயுள் முழுக்க கேங்மேனாகவே இருக்க வேண்டியவரிடம் ஒற்றுமை பற்றிப் பாடம் நடத்துவதற்கு முன், பணிமனையின் கதவு அவருக்கு ஏன் மூடியிருக்கிறது என்று சங்கம் கேட்டிருக்க வேண்டும்.

இன்றும் கேட்க வேண்டும். நம் தொழிற்பேட்டைகளில் எந்தச் சங்கத்தின் நிர்வாகிகள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அதே ஆலையில் கழிவறை கழுவும், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் யார், அவர்கள் சங்கத்தில் உறுப்பினர்களா என்றும் பாருங்கள். சாதிவாரியாக யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கைச் சங்கமே எடுத்து வெளியிடட்டும். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் பணி நிரந்தரம், கோரிக்கைப் பட்டியலின் கடைசியிலிருந்து முதல் இடத்துக்கு வரட்டும். "எங்கள் சங்கத்தில் சாதி இல்லை" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் கொடுப்பதில் என்ன தயக்கம் இருக்க முடியும்?