வானத்துக்கு மட்டும் வெளிச்சமா?

"தரையை இருட்டா விடு தம்பி. வானத்துக்கு எக்ஸ்போஷர் வை. அதான் கலை." ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராக வந்த பெரியவர் எனக்குச் சொன்ன பாடம் இது. அந்தி நேரத்தில் ஊரின் ஸ்கைலைனைப் படம் எடுக்கப் பழகுகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இந்தப் பாடம் யாருக்குச் சாதகம் என்று கேட்கிறேன்.

காரைக்கால்மேட்டில் கடல் கிழக்கே கிடக்கு. சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். அந்தியில் படம் எடுப்பவன் கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நிற்கணும். காரைக்காலில் உயரமானவை எவை? கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினார், மாதா கோயில் கூம்பு, தண்ணீர்த் தொட்டி. நாலையும் ஒரே சட்டத்தில் பிடிச்சு 'மத நல்லிணக்கம்'னு தலைப்பும் போட்டுடுவாங்க. சேரி எங்கேய்யா? அதன் கூரை தாழ்வு. ஸ்கைலைனில் வராது.

அந்தக் கூரை தானா தாழ்ந்துச்சா? கொஞ்சம் நிமிர்ந்த ஊருக்கு என்ன நடந்தது? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸே புகுந்து தலித் வீடுகளின் சாமான்களை அடித்து நொறுக்கியது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் உழைத்துக் கட்டிய வீடுகளைச் சாதிக் கும்பல் கொளுத்தியது. ஸ்கைலைன் என்பது யார் உயரலாம், யார் உயரக்கூடாது என்ற கணக்கும்தான்.

1838இல் பாரிசில் டாகேர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். பல நிமிட எக்ஸ்போஷர். நடந்தவன், வண்டி ஓட்டினவன் எவனும் பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்றவன் பதிந்தான். அவன் காலடியில் வேலை செய்தவன் கலங்கலாகிப் போனான். படத்தில் பதிந்த முதல் மனிதன் என்று உலகம் பேசுவது நின்றவனைத்தான். வேலை செய்தவனை அல்ல.

எங்க அம்மா சித்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு ஜல்லி சுமந்த தலை அவளுது. படத்தில் தொட்டி விளிம்பு பிசகாமல் நிற்குது. வேலை முடிஞ்சு அதன் கீழே நடந்துபோற அம்மா கறுப்புக்குள்ள கரைஞ்சு போறா. இதுவா அழகு? யாருக்கு?

"கேமராவுக்கு ரெண்டையும் ஒண்ணா பிடிக்க முடியாதே" என்பார்கள். சரி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். தேர்ந்தெடுப்பது கேமராவா, அதைப் பிடித்திருக்கும் ஆளா? இன்றைக்குக் கைப்பேசியே பல எக்ஸ்போஷரில் எடுத்து ஒன்றாக்கிவிடுகிறது. அந்தச் சாக்கும் போச்சு.

கேமரா தூக்கும் தோழர்களே, ஒருமுறை தரைக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். வானம் வெளிறினால் வெளிறட்டும். கீழே நடப்பவர்களிடம் கேட்டுவிட்டு முகம் தெரிய எடுங்கள். அவர்கள் சம்மதித்தால் படத்துக்குக் கீழே அவர்கள் பெயரைப் போடுங்கள். கோபுரத்துக்குப் பெயர் போடுகிறோமே, அதைக் கட்டியவர்களுக்குப் போட என்ன தயக்கம்?