தொடப்படாத பொத்தான்

கோடைகாலத்து மாலையில் ஏ.சி.யும் அயர்ன் பாக்ஸும் கிரைண்டரும் ஒருங்கே இயங்க, பாரந் தாளாத எம்.சி.பி. என்னும் பாதுகாப்பு விசை தன் கடமையைச் செய்து விழுந்துவிட்டால், அதனையே அபராதியாகப் பாவித்து, 16 ஆம்பியரை அகற்றி 32 ஆம்பியரைப் பொருத்திவிடும் பெருமக்கள், சுவருக்குள் ஓடுவது அதே மெல்லிய கம்பிதான் என்பதைச் சிந்திப்பதேயில்லை. பியூஸ் கட்டையில் மொத்தமான செப்புக் கம்பியைச் சுற்றிவைத்த பழைய சாமர்த்தியத்தின் வாரிசுகள் இவர்கள். ஆயினும் என் பிரதான விசாரம் எம்.சி.பி.யின் பக்கத்திலிருக்கும் ஆர்.சி.சி.பி.யைப் பற்றியது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து மனிதப் பிராணனைக் காக்கவேண்டிய அக்கருவியின் முகத்தில் ஒரு சிறு பொத்தான் இருப்பதும், அதை அழுத்தினால் விசை ‘டக்’கென்று கீழே விழவேண்டும் என்பதும், ஆண்டுக்கணக்கில் அசையாத யந்திரபாகம் இறுகிப்போய் ஆபத்துச் சமயத்தில் கைவிட்டுவிடக்கூடும் என்பதும் எத்தனை குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்? ஆயுதபூஜையன்று இக்கருவிகள் அடங்கிய மின்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்தத் தவறாத நாம், சில மாதங்களுக்கொரு முறை அந்தப் பொத்தானைத் தொடுவதற்கு மட்டும் ஏனோ அஞ்சுகிறோம். அழுத்தியும் விழாவிட்டால் கருவியை மாற்றியே ஆகவேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றுவதோ எலக்ட்ரீஷியனின் உத்தியோகம். மெயினை இறக்கிய பின்னரும் மீட்டரிலிருந்து வரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்குமாதலால், அவரும் டெஸ்டரால் பரீட்சித்த பிறகே, தளர்ந்த திருகுகளையும் சூட்டால் பழுப்பேறிய கம்பி உறைகளையும் தேடவேண்டும்.