ஷேம் ஷேம் ஒரு பேரா?

கண், மூக்கு என்று சொல்லித் தருகிற நாம், ஜட்டிக்குள் இருப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் பேர் 'ஷேம் ஷேம்'. 'நான் எப்படிப் பொறந்தேன்?' என்றால், 'தவிட்டுக்கு வாங்கினோம்'.

சிரிப்புதான். ஆனால் 2014 ஜூலையை வைட்ஃபீல்ட்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து மாரத்தஹள்ளியில், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆறு வயதுக் குழந்தைக்கு நடந்த கொடுமைக்காகப் பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2012-லேயே போக்சோ சட்டம் வந்தாச்சு. 1098-ம் இருக்கிறது. ஆனால் விஷயம் குழந்தை வாயிலிருந்துதானே வெளியே வரணும்? வெட்கம் என்று நாமே பேர் வைத்த இடத்தைப் பற்றி அது எப்படிச் சொல்லும்?

என்னைக் கேட்டால், குளிப்பாட்டும்போதே ஆண்குறி, பெண்குறி என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் இங்கிலீஷிலாவது. பொறந்த கதைக்கு, 'அம்மா வயிற்றில் கர்ப்பப்பையில் வளர்ந்தாய்' போதும். கேட்ட அளவுக்குப் பதில். ஊரிலிருந்து வந்த பாட்டி முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. இதற்குப் பதில் கிடைத்த குழந்தைதான் நாளைக்கு எதுவானாலும் நம்மிடம் வந்து சொல்லும்.