தூக்கிப் போடாதே மச்சி!

இன்டர்னல் மார்க், அரியர், அட்டென்டன்ஸ் எல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் ஒரு தம்பியோட கதை.

காடாம்புலியூர் தெரியும்ல? பண்ருட்டியில இருந்து வடலூர் போற ரோட்டுல, முந்திரிக்கொட்டை வாசனை பஸ் ஜன்னல் வழியா உள்ளே வந்து 'ஊர் வந்தாச்சு, இறங்கு'ன்னு சொல்லுமே, அந்த ஊர். அந்த ஊர்த் தம்பி ஒருத்தர், என்ஜினீயரிங் மூணாவது வருஷம். வீட்டுல ஒரு பழைய பி.சி. அதுக்குள்ள ஜி.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்டு. அது 2016 ஜூலையில மார்க்கெட்டுக்கு வந்த மாடல். தம்பி கைக்கு வந்தது செகண்ட் ஹேண்டுல.

"அண்ணே, புது கேம் எதைப் போட்டாலும் திக்கித் திக்கி ஓடுது. அப்பாகிட்ட சொன்னேன். இ.எம்.ஐ.-ல புது கார்டு வாங்கித் தர்றேங்கறாரு. எந்தக் கார்டு வாங்கலாம்?"

அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு கேட்டேன். முந்திரி கம்பெனியில மூட்டை தூக்குறாராம். நான் சொன்ன பதில் ஒண்ணுதான். "தம்பி, முதல்ல அப்பாவுக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசினதைத்தான் இப்ப உங்களுக்கும் சொல்லப் போறேன். ஏன்னா உங்க ஹாஸ்டல்லயும் ரூமுக்கு ஒருத்தர் இப்படி ஒரு பழைய கார்டை முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார்!

கொஞ்சம் கணக்கு

பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் அளவுக்குப் போக மாட்டேன். உங்க மானிட்டர் ஃபுல் எச்.டி.ன்னா 1920-க்கு 1080. பெருக்கினா 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். செகண்டுக்கு 60 ஃப்ரேம் வேணும்னா, 12 கோடிப் புள்ளிக்கு மேல ஒவ்வொரு செகண்டும் கார்டு கலர் அடிக்கணும். வயசான மனுஷனை மலை ஏறச் சொன்ன மாதிரி மூச்சு வாங்காதா?

இங்கேதான் அப்ஸ்கேலிங் வருது. கார்டுகிட்ட, "நீ 1280-க்கு 720 அளவுல சின்னதா வரைஞ்சு கொடு, போதும்"னு சொல்லிடறோம். அது 9 லட்சத்து 21 ஆயிரத்து 600 புள்ளி. அதாவது பழைய வேலையில நூத்துக்கு 44 பங்குதான். அந்தச் சின்னப் படத்தைப் பெரிய ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி ஒரு புரோகிராம் கெட்டிக்காரத்தனமா பெருசாக்கித் தரும்.

"ரெசல்யூஷனைக் குறைச்சா நாங்களே பண்ணிட்டுப் போறோமே?"ன்னு கேட்கறீங்க. பண்ணலாம். ஆனா அப்ப எல்லாமே தண்ணி ஊத்தின பெயின்டிங் மாதிரி கலங்கிடும். அப்ஸ்கேலிங்ல ஓரங்கள் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சு கூர்மையாக்குவாங்க. புல்லட் கணக்கு, மேப், எழுத்து இதெல்லாம் பெருசாக்கின பிறகுதான் மேல ஒட்டுவாங்க. அதனால அது பளிச்னு இருக்கும்.

யாருக்கு எது?

என்விடியா 2018-ல டி.எல்.எஸ்.எஸ். கொண்டு வந்துச்சு. நியூரல் நெட்வொர்க்கை வெச்சுப் படத்தைப் பெருசாக்குற வித்தை. 2020 மார்ச்ல வந்த ரெண்டாவது பதிப்புலதான் அது நிஜமாவே நல்லா இருந்துச்சு. ஆனா ஒரு கொக்கி. ஆர்.டி.எக்ஸ். கார்டு வெச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான். நம்ம தம்பியோட ஜி.டி.எக்ஸுக்கு கதவு சாத்தியாச்சு.

போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி. என்ன பண்ணுச்சு தெரியுமா? 2021 ஜூன்ல எஃப்.எஸ்.ஆர்.னு ஒண்ணை விட்டுச்சு. சோர்ஸ் கோடையே திறந்து வெச்சது மட்டுமில்ல, எதிர்க் கம்பெனியோட பழைய கார்டுலயும் ஓடும்! தன் கம்பெனியே கைவிட்ட வசதியைப் போட்டிக் கம்பெனி கொடுத்த கதை இது. முதல் பதிப்பு ஒரு ஃப்ரேமை மட்டும் பார்த்து வேலை செய்யும். 2022 மே மாசம் வந்த ரெண்டாவது பதிப்பு, முன்னாடி போன ஃப்ரேம்களையும் ஞாபகம் வெச்சு, எது எங்கே நகர்ந்துச்சுன்னு பார்த்து வரையும். அதனால படம் இன்னும் நல்லா வரும். அதே வருஷம் இன்டெல்லோட எக்ஸ்.இ.எஸ்.எஸ். வந்துச்சு. அதுவும் 1060-ல ஓடும். 2025-ல வந்த எஃப்.எஸ்.ஆர். நாலாவது பதிப்பை மட்டும் ஏ.எம்.டி. தன்னோட ஆர்.எக்ஸ். 9000 வரிசையை வெச்சு அறிமுகம் பண்ணுச்சு. அதைப் பார்த்து ஏங்க வேணாம்.

கேமோட கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க. எஃப்.எஸ்.ஆர். இருந்தா முதல்ல 'குவாலிட்டி'யை வைங்க. ஃபுல் எச்.டி. ஸ்கிரீன்ல அதுதான் நாம பார்த்த 720 கணக்கு. 'பெர்ஃபார்மன்ஸ்'னு வெச்சா 960-க்கு 540 ஆயிடும். சின்ன ஸ்கிரீன்ல அது முகத்துக்குப் பவுடரை அப்பின மாதிரி தெரியும், வேணாம். கேம்லயே வசதி இல்லையா? என்விடியா கன்ட்ரோல் பேனல்ல 'இமேஜ் ஸ்கேலிங்'னு ஒண்ணு இருக்கு. அதை ஆன் பண்ணி, கேமோட ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்க. காசு செலவு இல்லாத வைத்தியம்.

இன்னொண்ணு, ஃப்ரேம் ஜெனரேஷன். ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல ஒரு பொய் ஃப்ரேமைச் செருகுறது. கவுன்ட்டர்ல நம்பர் ஏறும், ஆனா நீங்க பட்டனை அழுத்தினது ஸ்கிரீன்ல தெரியக் கொஞ்சம் லேட் ஆகும். ஏற்கெனவே 60 கிட்ட ஓடுற கேமுக்குத்தான் அது அழகு. 25-ல தவழுற கேமுக்குப் போட்டா கோவம்தான் வரும்.

எது நடக்காது?

உண்மையையும் சொல்லிடணும்ல. ப்ராசஸர் பழசா இருந்து அதனால கேம் திக்குதுன்னா, அப்ஸ்கேலிங்கால ஒண்ணும் ஆகாது. கார்டோட மெமரி பத்தலைன்னா முதல்ல டெக்ஸ்சரைக் குறைங்க. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாசம் வந்த டூம் கேம் ரெண்டுக்கும் ரே ட்ரேசிங் ஹார்டுவேர் இருந்தே ஆகணும். அங்கே 1060 வாசல்லயே நிக்க வேண்டியதுதான். 2025 அக்டோபரோட இந்த வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர் தர்றதை என்விடியா நிறுத்திடுச்சு. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும்னு சொல்லியிருக்கு. பிளெண்டர்ல ப்ராஜெக்ட் ரெண்டர் பண்றவங்களே, இந்த வித்தை உங்களுக்கு இல்லை.

பக்கத்து ஊர்ப் பாடம்

தம்பி கடைசியா கேட்டார், "இப்படி ஒட்டுப்போட்டு எவ்வளவு நாள்ண்ணே ஓட்டுறது?" நான் சொன்னேன், "உங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா நெய்வேலி. அங்கேயே பதில் இருக்கு."

நெய்வேலியோட முதல் அனல்மின் நிலையம், சோவியத் யூனியன் உதவியோட கட்டினது. 1962-ல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சு, 1970-ல மொத்தம் 600 மெகாவாட் ஆச்சு. தொண்ணூறுகள்ல அதுக்கு வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டாங்களா? இல்லை. 1992-ல அனுமதி வாங்கி, தேய்ஞ்ச பாகங்களை மாத்தி, 1999-க்குள்ள ஆயுள் நீட்டிப்பு வேலையை முடிச்சாங்க. கூடுதலா 15 வருஷம்னு கணக்கு போட்டாங்க, அதையும் தாண்டி ஓடுச்சு. 1000 மெகாவாட் புது நிலையம் வந்ததும் 2020 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க. மொத்தம் 58 வருஷம்!

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஓடுற வரைக்கும் பராமரிச்சு ஓட்டு. மாத்த வேண்டிய நேரம் வந்தா, கையில காசு சேர்த்து வெச்சுட்டு மாத்து. கடன் வாங்கி அவசரமா மாத்தாதே.

பராமரிப்புன்னா பெரிய வித்தை இல்லை. நம்ம பக்கம் வெயிலும் தூசியும் சொல்லணுமா? மாசம் ஒரு தடவை பி.சி.யை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேனைச் சுத்த விடாம விரலால பிடிச்சுக்கிட்டு தூசி தட்டுங்க. ரொம்ப சூடானா தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. கார்டு சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதை நாமதான் 'கார்டு பழசாயிடுச்சு'ன்னு நினைச்சுக்கறோம்.

தம்பி அந்த சனிக்கிழமை பி.சி.யைத் திறந்தார். ஃபேன்ல இருந்து வந்த தூசியை வெச்சு ஒரு தலைகாணியே தைக்கலாமாம்! துடைச்சு மாட்டி, குவாலிட்டி மோடைப் போட்டார். எல்லா கேமும் ஓடிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு கேம் இன்னும் அடம்பிடிக்குது. அவர் ஆசையா வெச்சிருந்த மூணாவது கேம் மட்டும் வழுக்கிட்டு ஓடுது.

ராத்திரி அப்பா பின்னாடி வந்து நின்னு பார்த்தாராம். "புது கார்டு வாங்கிட்டியா? நல்லா ஓடுதே!"ன்னு கேட்டிருக்கார். "இல்லப்பா, பழசுதான்"னு தம்பி சொல்ல, அப்பா ஒண்ணும் பேசாம பக்கத்துல உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுடா"ன்னாராம்.

இந்த சந்தோஷம் எந்த இ.எம்.ஐ.-ல கிடைக்கும், சொல்லுங்க? முதல்ல போய் உங்க ஃபேன் தூசியைப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம் ஃப்ரெண்ட்ஸ்!